திரும்பி வருவதற்கான தாள்

2016ஆம் ஆண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாட்டிக்கு இந்திய விசா எடுப்பதற்காகப் படிவத்தை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பெயர் எழுதியாயிற்று. பிறந்த இடம்: திருச்சிராப்பள்ளி மாவட்டம், முசிறிப் பக்கம் ஒரு கிராமம். பயண நோக்கம்: சுற்றுலா. குடியுரிமை என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. பாட்டி வெற்றிலை இடித்துக்கொண்டே கேட்டார்: “என்னடா, எழுதிட்டியா?”

“நீங்க எந்த நாட்டு ஆளுன்னு கேட்டிருக்கான் பாட்டி.”

“பத்தாங் பெர்ஜுந்தைன்னு போடு.”

நான் சிரித்தேன். பாட்டி சிரிக்கவில்லை. அந்தப் பதிலை எழுத முடிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே தேவை இருந்திருக்காது.

பாட்டி வைத்திருந்தது சிவப்பு ஐசி. நிரந்தரவாசி, குடிமகள் அல்ல. 1936இல் பிறந்தவர், அடுத்த ஆண்டே கைக்குழந்தையாகக் கப்பலேறி வந்தவர். கோல சிலாங்கூர் மாவட்டத்தின் தோட்டங்களில் எட்டு வயதிலேயே பால் மங்கு கழுவி, பிறகு மரம் வெட்டி, கடைசியில் செம்பனைக் காட்டில் உதிரிப்பழம் பொறுக்கி ஓய்ந்தவர். எண்பது வயதில் ஒரு ஆசை வந்தது. ஊரைப் பார்க்க வேண்டும். அந்த ஊர் நினைவில்கூட இல்லாத ஊர் என்பதை நாங்கள் யாரும் சொல்லிக் காட்டவில்லை.

அதே வாரம் எங்கள் தாமானில் பக்கத்து வீட்டுக்காரர் பழனிக்குப் போவதற்குக் கைப்பேசியிலேயே இ-விசா எடுத்துவிட்டார். படம் ஏற்று, காசு கட்டு, மின்னஞ்சலில் வந்துவிடும். நானும் அந்தத் தளத்தைத் திறந்தேன். சாதாரணக் கடப்பிதழ் இருப்பவர்களுக்கு மட்டும்தான். பயண ஆவணம் வைத்திருப்பவர்களுக்கு இல்லை என்று தெளிவாக எழுதியிருந்தது. பாட்டிக்குக் கடப்பிதழ் ஏது? சொந்த நாடு என்று ஒன்று இருந்தால்தானே கடப்பிதழ். அப்படிப்பட்ட நிரந்தரவாசிகளுக்கென்று மலேசியா கொடுப்பது ‘சர்ட்டிபிகேட் ஆஃப் ஐடென்டிட்டி’ என்ற சிறு புத்தகம். அதில்தான் விசா ஒட்ட வேண்டும். போவதற்கு ஒரு நாட்டின் அனுமதி, திரும்பி வருவதற்கு இன்னொரு நாட்டின் அனுமதி.

ஒரு அலுவலகத்தின் முகப்பில் இருந்த இளைஞர் புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “இந்தியாவில பிறந்தவங்கதானே? அப்புறம் எதுக்கு விசா?” கேள்வி நியாயமானதுதான். பதிலுக்கு எண்பது வருடக் கதையைச் சொல்ல வேண்டும். எனக்குப் பின்னால் வரிசையில் பதினைந்து பேர் நின்றார்கள்.

அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப் பார்க்கிறேன்.

பாட்டியின் அப்பா வந்தபோது அவரிடம் கடப்பிதழ் இல்லை, விசா இல்லை. தேவையும் இருக்கவில்லை. சென்னை மாகாணமும் மலாயாவும் ஒரே மன்னரின் கொடிக்குக் கீழே இருந்தன. கங்காணி ஊருக்கு வந்து ஆள் சேர்ப்பார். 1907இல் உருவான தமிழர் குடியேற்ற நிதி கப்பல் செலவைக் கட்டும். அந்த நிதிக்குத் தோட்ட முதலாளிகள் ஆளுக்கு இவ்வளவு என்று செலுத்துவார்கள். ஆவடியிலோ நாகப்பட்டினத்திலோ இருந்த முகாமில் சில நாள் வைத்து, அம்மை குத்தி, கப்பலேற்றுவார்கள். நாகப்பட்டினத்தில் கப்பல் கரைக்கு வராது. படகில் கொண்டுபோய் நடுக்கடலில் ஏற்ற வேண்டும். 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’வின் மேல்தளத்தில் பாய் விரித்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இந்த இதழைப் படிப்பவர்களில் பாதிப்பேர் என்று நினைக்கிறேன்.

வருவது அவ்வளவு சுலபமாக இருந்ததற்குக் காரணம் உண்டு. அனுப்புவதும் அதே அளவு சுலபமாக இருக்க வேண்டும். 1930இல் ரப்பர் விலை விழுந்ததும் அதே நிதிதான் ஆயிரக்கணக்கானவர்களைத் திரும்பக் கப்பலேற்றியது. 1934இல் விலை தேறியதும் மறுபடி ஆள் சேர்த்தது. குழாயைத் திறப்பதும் மூடுவதும் போல. தொழிலாளியின் கையில் எந்தத் தாளும் இல்லாததால், ‘இங்கே இருப்பது என் உரிமை’ என்று காட்டவும் எதுவும் இல்லை. 1941இல் கிள்ளானில் தொடங்கிய தோட்ட வேலைநிறுத்தம் இதைப் பச்சையாகக் காட்டியது. கூலி உயர்வோடு, துரை எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை நீக்கவும் கேட்டார்கள். கள்ளுக்கடையை மூடச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு ஒழுங்கான பள்ளி கேட்டார்கள். பதிலுக்கு இராணுவம் வந்தது, உயிர்கள் போயின. தலைவர் ஆர்.எச். நாதனைப் பிடித்து இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். நாடு கடத்தல் என்பதைத் தண்டனைச் சொல்லாக எங்கள் ஆட்கள் கற்றுக்கொண்டது அப்போதுதான். சொந்த ஊருக்கு அனுப்புவதே தண்டனை!

இந்த இடத்தில் ஒரு வெள்ளைக்காரரைப் பற்றிச் சொல்லாமல் நகர மனமில்லை. ஆன்ரி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905இல் மலாயா வந்து சிலாங்கூர் ஆற்றுப் பக்கம் ரப்பர் தோட்டம் போட்டார். 1917இல் பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகே தென்னமரம் தோட்டத்தில் இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடவு அவருடையது. (பெயர் தென்னமரம், நட்டது செம்பனை.) பிறகு அவர் எழுதிய ‘மலேசி’ என்ற நாவலுக்கு 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசு கிடைத்தது. வேற்று நாட்டில் வாழ்ந்தவர், சம்பாதித்தவர், ஊர் திரும்பியவர், நினைவுகளை எழுதியவர். இன்றைய சொல்லில் எக்ஸ்பேட். தோட்டத் துரைமார்களுக்கு நான்கைந்து ஆண்டுக்கு ஒருமுறை சம்பளத்தோடு ஊர் விடுப்பு உண்டு. அதே தோட்டத்தில் அதே காலத்தில் வேற்று நாட்டில் வாழ்ந்த என் கொள்ளுத்தாத்தாவை யாரும் எக்ஸ்பேட் என்று சொன்னதில்லை. கூலி என்றார்கள். விடுப்பு எடுத்து ஊர் போவதென்றால் சேமித்த காசில் போக வேண்டும். திரும்பும்போது லயத்தில் வீடு இருக்குமா என்பது கங்காணியின் மனசைப் பொறுத்தது.

1938 ஜூன் மாதம் இந்திய அரசாங்கம் உதவித்தொகையில் ஆள் அனுப்புவதை நிறுத்தியது. அந்த ஆண்டு தோட்ட முதலாளிகள் கூலியைக் குறைத்ததுதான் உடனடிக் காரணம். பாட்டி அதற்கு முந்தைய வருடம் வந்ததால் ‘கடைசிக் கப்பல் பிள்ளை’ என்று கேலி செய்வார்களாம். பிறகு ஜப்பான்காரன் காலம். சயாம் ரயில் பாதைக்குப் போன ஆண்கள் பலர் வரவில்லை. கடல் வழி மூடிக் கிடந்தது. போர் முடிந்து கப்பல் ஓடத் தொடங்கியபோது உலகம் மாறியிருந்தது. இந்தியா தனி நாடு. மலாயாவில் 1948இல் அவசரகாலம். பன்னிரண்டு வயதைத் தாண்டிய ஒவ்வொருவருக்கும் படம் ஒட்டிய அடையாள அட்டை. எங்கள் வம்சத்தில் எழுத்தில் பதிவான முதல் முகம் பாட்டியின் அப்பாவுடையது. போலீசுக்காக எடுத்த படம் அது.

1950 ஜனவரி 26இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பில் எட்டாவது பிரிவு என்று ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதியிடம் பதிந்துகொண்டால் இந்தியக் குடிமக்கள் ஆகலாம் என்றது. படித்தவர்கள், கடைக்காரர்கள் சிலர் பதிந்தார்கள். தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் ஒரு நாள் கூலி போச்சு. கோலாலம்பூருக்கு எந்த பஸ்ஸில் போவது என்றே தெரியாத காலம். அந்தப் பிரிவு அவர்கள் காதில் விழவே இல்லை.

1953 ஆகஸ்ட்டிலிருந்து மலாயாவின் கதவும் இறுகியது. புதிதாக வருகிறவர் குறிப்பிட்ட வகைகளில் ஒன்றில் அடங்கியாக வேண்டும். 1959இல் வந்த குடிநுழைவுச் சட்டம்தான், பிறகு மலேசியாவுக்கு ஏற்ப விரிந்து, இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அதன் பத்தாவது பிரிவு நுழைவு அனுமதி. பதினோராவது பிரிவு மறுநுழைவு அனுமதி. தோட்டத்து மக்களின் தலையெழுத்தை மாற்றியது இந்தப் பதினொன்று என்றுதான் நான் சொல்வேன். அதுவரை ஊருக்குப் போவது என்றால் கப்பல் டிக்கெட்டுக்குக் காசு சேர்ப்பது. அதற்குப் பிறகு, கிளம்பும் முன்பே திரும்புவதற்கு அனுமதி வாங்கி, அது காலாவதியாவதற்குள் வந்து சேர்வது. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று போனவன் கருமாதி முடித்து, நிலத் தகராறில் மாட்டி, நாள் தவறிவிட்டால்? மனைவி மக்களை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள் அவர்களை அழைத்துக்கொள்வதும் வரவரக் கடினமாயிற்று. இரண்டு கரையிலும் குடும்பம் வைத்துக்கொண்டு வாழ்ந்த ஒரு வழக்கம் அந்தப் பத்தாண்டில்தான் முறிந்தது. நம் பழைய கதைகளில் வரும் ‘கடிதத்துக்காகக் காத்திருக்கும் மனைவி’யை வெறும் உணர்ச்சிப் பாத்திரமாக நான் படித்து வந்திருக்கிறேன். அவள் ஒரு சட்டப் பிரிவின் விளைவும்கூட என்பது பிற்பாடுதான் உறைத்தது.

பிறகு மெர்டேக்கா. 1957 ஆகஸ்ட் 31 அன்றும் அதற்குப் பிறகும் இங்கே பிறந்தவர்கள் தானாகவே குடிமக்கள் (1962இல் இதற்கும் நிபந்தனை வந்தது). அதற்கு முன்பு பிறந்தவர்களும் வெளியிலிருந்து வந்தவர்களும் விண்ணப்பிக்க வேண்டும். மலாய் மொழி தெரிந்திருக்க வேண்டும். ம.இ.கா.வினரும் தொழிற்சங்கத்தினரும் தோட்டம் தோட்டமாகப் போய்ப் பாரம் நிரப்பிக் கொடுத்தார்கள். நிறையப் பேர் அதனால்தான் தப்பினார்கள். எங்கள் தாத்தா பாரம் வாங்கிக்கொண்டு வந்து தகரப் பெட்டியில் வைத்தார். ‘நாம என்ன இங்கயேவா கெடக்கப்போறோம்?’ என்பது அவர் வாதமாம். பெட்டியிலேயே அது பழுப்பேறியது.

ஆகவே எங்கள் லயத்து வீட்டின் கணக்கு இப்படி: தாத்தா பாட்டி இருவரும் சிவப்பு. 1955இல் பிறந்த பெரிய அத்தையும் முதலில் சிவப்பு. பல வருடம் அலைந்து நீலம் வாங்கினார். 1958இல் பிறந்த அப்பா பிறக்கும்போதே குடிமகன். அத்தைக்கும் அப்பாவுக்கும் பிரசவம் பார்த்தது ஒரே மருத்துவச்சி, ஒரே பாய்.

1969 மே கலவரம் நடந்த கையோடு, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வேண்டும் என்று அரசு கறாராக நின்றது. 1968இல் இயற்றப்பட்ட வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் அதற்கு வசதியாக இருந்தது. அடுத்த ஓரிரு ஆண்டில் சுமார் 60,000 இந்தியர்கள் கப்பலேறினார்கள் என்று ஆய்வாளர்கள் பரவலாகக் குறிப்பிடுகிறார்கள். பெரும்பாலும் தோட்டத் தொழிலாளர்கள். தாத்தாவுக்குத் துரை பரிந்துரை எழுதிக் கொடுத்ததால் பெர்மிட் கிடைத்தது. பாட்டியின் அக்காள் குடும்பத்துக்குக் கிடைக்கவில்லை.

அந்தப் பெரிய பாட்டி, கப்பலில் வரும்போது ஏழு வயது. தங்கையை மடியில் வைத்துக்கொண்டு வந்தவர். 1970இல் போர்ட் சுவெட்டன்ஹாமில் அதே ரஜூலாவில் ஏறினார். போகும்போது ஒரு தையல் மெஷின், இரண்டு பித்தளைக் குடம், நான்கு பிள்ளைகள். பாட்டி இதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், ஒவ்வொரு முறையும் ஒரே வரிசையில். மெஷின், குடம், பிள்ளை.

“கொஞ்ச நாள்ல சட்டம் மாறிடும், திரும்பக் கூப்பிடுவாங்கன்னு கிராணி சொன்னாரு. அக்கா அந்த ஐசிய முந்தானையில முடிஞ்சிக்கிட்டே போச்சு.”

கடிதம் முதலில் மாதம் ஒன்று வந்தது. முசிறிப் பக்கம் அவர்களை ‘மலாயாக்காரங்க’ என்றார்களாம். பிள்ளைகளுக்கு அங்கே பள்ளி ஒத்துவரவில்லை. ரஜூலாவின் ஓட்டம் 1970களின் தொடக்கத்தில் நின்றது. அதற்குப் பின் வந்த ‘சிதம்பரம்’ கப்பலும் 1985இல் தீப்பிடித்த பிறகு அந்தக் கடல் வழியே முடிந்துபோனது. கடிதங்கள் அதற்கு முன்பே நின்றுவிட்டன. பாட்டி பார்க்க விரும்பிய ஊர் என்பது உண்மையில் இந்த அக்காள்தான் என்று எனக்குத் தாமதமாகவே புரிந்தது.

விண்ணப்பத்தில் இன்னொரு கேள்வி: இந்தியாவில் தெரிந்தவர் ஒருவரின் பெயரும் முகவரியும். பாட்டி கண்ணை மூடிக்கொண்டு அக்காள் பெயரையும், தபால் வழி ஊர்ப் பெயரையும் ஒப்பித்தார். 1970களின் முகவரி. அப்படியே எழுதினேன்.

வேறு வழி இருக்கிறதா என்றும் தேடினேன். ஓசிஐ அட்டை என்று ஒன்று இந்தியா கொடுக்கிறது. ஆயுள் முழுக்க விசா தேவையில்லை. 1950 ஜனவரி 26 அன்று இந்தியக் குடிமகனாகத் தகுதி பெற்றிருந்தவரும் அவர் வம்சத்தாரும் கேட்கலாம். பாட்டியைவிடத் தகுதி யாருக்கு? ஆனால் விண்ணப்பிப்பவர் இன்னொரு நாட்டின் குடிமகனாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். பாட்டி எந்த நாட்டின் குடிமகளும் அல்ல. அதாவது முசிறியில் பிறந்தவர் என்று பாட்டியைக் காட்டி, பெஸ்தாரி ஜெயாவில் பிறந்த நான் கேட்கலாம். (பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் வைத்த புதுப் பெயர் அது, பாட்டி அதை வாயால் சொன்னதே இல்லை.) பாட்டி கேட்க முடியாது. இதைப் பாட்டியிடம் விளக்கியபோது அவர் கோபப்படவில்லை. “அப்ப நீ போயிட்டு வந்து சொல்லு” என்றார்.

ஏழு மாதம் ஆயிற்று. புத்தகம் ஒரு முறை பெயர் எழுத்துப் பிழையால் திரும்பியது. ஐசியில் ஒரு மாதிரி, பழைய நுழைவு அனுமதியில் ஒரு மாதிரி. குமாஸ்தா ஒருவர் அந்தக் காலத்தில் காதில் விழுந்தபடி எழுதியதற்கு நாங்கள் சத்தியப் பிரமாணம் செய்தோம். கடைசியில் விசா வந்தது. திரும்பி வருவதற்கான அனுமதியும் வந்தது. விமான டிக்கெட் பார்க்கலாம் என்று உட்கார்ந்த அன்று பாட்டி கேட்டார்:

“திரும்பி வர வுடுவாங்களாடா?”

“பேப்பர்ல போட்டிருக்கு பாட்டி. இதோ தேதி.”

“அக்காகிட்டயும் பேப்பர் இருந்துச்சே.”

நான் எவ்வளவோ சொன்னேன். அது வேறு காலம், இது வேறு. கூட நான் வருகிறேன், ஏதாவது என்றால் கேட்க ஆள் இருக்கிறது. பாட்டி எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மறுநாள் அம்மாவிடம், முட்டி வலிக்கிறது, டிக்கெட் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அந்த முட்டி இருபது வருடமாக வலித்த முட்டி.

அப்போது எனக்கு ஆத்திரம். ஏழு மாத அலைச்சல் வீண் என்று தோன்றியது. இப்போது யோசித்தால், பாட்டியின் பயத்தில் அறியாமை எதுவுமில்லை. 1930ஐ அவர் அப்பா சொல்லக் கேட்டிருக்கிறார், 1970ஐக் கண்ணால் பார்த்திருக்கிறார். எங்கள் தாமானில் சிவப்பு ஐசியோடு இருந்த கிழவர்கள் யாருமே தைப்பூசத்துக்குப் பத்துமலையைத் தாண்டிப் போனதில்லை. காசில்லை என்று மட்டும்தான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டோடு நமக்கிருந்த உறவு சினிமாவும் பத்திரிகையும் மேடைப் பேச்சாளர்களுமாகச் சுருங்கியதற்கு நம் இலக்கிய வரலாறுகள் ஏதேதோ காரணம் சொல்கின்றன. அங்கிருந்து ஆள் வர முடிந்தது. இங்கிருந்து போனவர் திரும்புவதற்கு உத்தரவாதம் இருக்கவில்லை. இந்தச் சின்னக் காரணத்தையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

பாட்டி 2017இல் காலமானார். மெர்டேக்காவுக்கு முன்பிருந்தே இங்கு வாழும், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசி இந்தியர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அரசு அறிவித்தது 2018 ஜூலையில். அத்தை அந்தச் செய்தித்தாளை மடித்துப் பாட்டி படத்துக்குக் கீழே வைத்தார்.

2023 டிசம்பரிலிருந்து இந்தியர்கள் மலேசியாவுக்கு வர விசா வேண்டாம். போன மாதம் கம்போங் குவாந்தானில் மின்மினி பார்க்கும் படகுத் துறையில் ஒரு தமிழ்நாட்டுக் குடும்பம் நின்றது. பெரியவர் ஒருவர், என் தமிழைக் கேட்டுவிட்டு, பக்கத்தில் வந்து பேச்சுக் கொடுத்தார். கரூர்க்காரர்.

“தம்பிக்குப் பூர்வீகம் எது?”

“முசிறிப் பக்கம்.”

“அட, நமக்கு ஆத்துக்கு அக்கரை. அடிக்கடி வருவீங்களா?”

“இன்னும் வந்ததில்ல ஐயா.”

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மூன்றரை மணி நேர விமானம்தானே என்றார். படகுக்காரர் கூப்பிட்டதால் பேச்சு அதோடு நின்றது.

பாட்டியின் அந்தச் சிறு புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லை. வீட்டில் தகரப் பெட்டியில், தாத்தா நிரப்பாமல் வைத்த பாரத்தோடு கிடக்கிறது. விசா ஒட்டிய பக்கத்தைத் தவிர மற்றதெல்லாம் வெள்ளை. விசாவில் பாட்டியின் படம்; பயண வகை, சுற்றுலாப் பயணி.